ஒரு பல் பூண்டு: பூம்பாறையில் நான் ஸ்பானிஷ் பழகியது

ஒரு நாள் காலையில், ஸ்பெயினிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஓர் அம்மா நோட்டும் பேனாவுமாக அடுக்களைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் நாள் இரவு வைத்த பூண்டுக் குழம்பு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. செய்முறை வேண்டும் என்றார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். எனக்கு ஸ்பானிஷ் அப்போது வணக்கம், நன்றி அளவோடு சரி. போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் 'குளோவ்' என்று தட்டினேன். 'கிளாபோ' என்று வந்தது. "இருபது கிளாபோ" என்றேன். எழுதப் போனவர் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இருபதா?" என்று விரலை மடக்கிக் கேட்டார். நானும் உறுதியாகத் தலையாட்டினேன்.

கிளாபோ என்றால் கிராம்பு. சுவரில் அடிக்கிற ஆணிக்கும் அதே சொல்தான். இருபது கிராம்பு போட்ட குழம்பை யாரும் வாயில் வைக்க முடியாது. இங்கிலீஷில் கிராம்புக்கும் பூண்டுப் பல்லுக்கும் ஒரே பெயர் இருப்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

நல்லவேளையாக அஞ்சறைப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. அவர் அதிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துக் காட்டி "இதுவா?" என்றார். நான் பதறிப்போய், கூடையிலிருந்த பூண்டு ஒன்றை எடுத்து உடைத்து, ஒரு பல்லை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தியெந்தே! தியெந்தே தெ ஆஹோ!" என்று சொல்லி, தன் முன்பல்லை விரலால் தட்டிக் காட்டினார். தியெந்தே என்றால் பல். ஆஹோ என்றால் பூண்டு. நாம் பூண்டுப் பல் என்கிறோம், அவர்களும் பூண்டின் பல் என்கிறார்கள். அப்படியே நம்ம ஊர்ப் பேச்சு! என் மனசுக்குள் 'பல்' என்றுதான் இருந்தது. அதை இங்கிலீஷுக்கு மாற்றி, அங்கிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றப் போய்த்தான் பல் கிராம்பாகிவிட்டது.

கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மேற்கே, படிப்படியாக வெட்டிய பூண்டுக் காடுகளுக்கு நடுவே இருப்பது எங்கள் பூம்பாறை. விளைகிற மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. விலை நிலையாக இல்லாததால், வீட்டில் இரண்டு அறை கட்டி விருந்தினர்களுக்கு விட ஆரம்பித்தோம். ஏப்ரல், மே சீசனில் நம்ம ஊர்க்காரர்கள் வருவார்கள். ஆகஸ்டில் மழை பெய்யும்போது அறைகள் காலியாகக் கிடக்கும். அந்த ஆகஸ்டில்தான் ஸ்பெயின்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் நாட்டில் பெரும்பாலானவர்கள் விடுமுறை எடுப்பது அந்த மாதத்தில்தானாம். அதில் சிலர் முதலில் ஆந்திராவின் அனந்தபூருக்குப் போய்விட்டு வருகிறவர்கள். பார்சிலோனாவில் பிறந்த பிசெந்தே ஃபெர்ரெர் 1969-ல் அங்கே தொடங்கிய தொண்டுப் பணிக்கு மாதாமாதம் பணம் அனுப்பி, குழந்தைகளைப் படிக்க வைக்கிறவர்கள். அந்தக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, வெயில் தாங்காமல் குளிர் தேடித் தெற்கே வருவார்கள். இடையிடையே மெக்சிகோ, கொலம்பியா, பெரு நாட்டவர்களும் வந்தார்கள். 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கிற மொழி அது.

வந்தவர்களில் பலருக்கு இங்கிலீஷ் எங்கள் அளவுக்குத்தான். எனக்கும் அது பள்ளிக்கூட இங்கிலீஷ். இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி வழியாகப் பேசும்போது, சொல்ல வந்ததில் பாதி என் பக்கம் சிந்தியது, மீதிப் பாதி அவர்கள் பக்கம் சிந்தியது.

நான் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தேன். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் ஸ்பானிஷ், நடுவில் ஒரு கோடு. பூண்டு விஷயம் நடந்த அன்று ராத்திரி, இடது பக்கத்தை முழுக்க அடித்துவிட்டு, அதன் மேலேயே சிவப்பு மையில் தமிழ் எழுத ஆரம்பித்தேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், என் அத்தையிடம் இதையே சொல்வதென்றால் எப்படிச் சொல்வேனோ அப்படி. பிறகு ஸ்பானிஷ் கற்றதெல்லாம் அந்தச் சிவப்பு வரிகளிலிருந்துதான். அது எங்கெல்லாம் கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று சொல்கிறேன். விடுதி நடத்துகிறவர்களுக்கும் வழிகாட்டிகளாக இருக்கிற தம்பிகளுக்கும் பயன்படும்.

முதலில் 'எனக்கு' என்ற சொல். இங்கிலீஷில் பிடிப்பது, தலை வலிப்பது, தோன்றுவது எல்லாவற்றையும் பெரும்பாலும் 'நான்' என்றே தொடங்குவார்கள். ஸ்பானிஷில் அப்படி இல்லை. பிடித்திருக்கிறது என்பதற்கு 'மே குஸ்தா'. 'மே' என்றால் எனக்கு. 'எனக்குப் பிடிக்கும்' என்பதன் அதே கட்டு. தலைவலி என்றால் 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. எனக்குத் தோன்றுகிறது என்றால் 'மே பரேசே'. இங்கிலீஷ்காரர்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள் என்று ஒரு விருந்தினர் சொன்னார். எனக்கு அது ஒரே சாயங்காலத்தில் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது: பிடித்த பொருள் பல என்றால் 'குஸ்தா' என்பது 'குஸ்தான்' ஆகும். ஒரு மாம்பழம் என்றால் குஸ்தா, மாம்பழங்கள் என்றால் குஸ்தான்.

கை தவறி டம்ளர் விழுந்தால் இங்கிலீஷில் 'நான் போட்டுவிட்டேன்' என்று பழியை ஏற்கவேண்டும். ஸ்பானிஷில் 'சே மே காயோ', கிட்டத்தட்ட 'என் கையிலிருந்து தானா விழுந்துருச்சு' என்பதுதான். மறந்தால் 'சே மே ஒல்பிதோ', எனக்கு மறந்துபோச்சு. ஒரு குழந்தை எங்கள் வீட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்துவிட்டுக் கண் கலங்கி நின்றபோது அந்தக் குட்டி சொன்னதும் அதுதான், சே மே காயோ. நம்ம வீட்டுப் பிள்ளை சொல்கிற மாதிரியே இருந்தது. எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து சூடு. இந்த மலையில் தினமும் தேவைப்படும் சொல் இது. இங்கிலீஷில் 'ஹாட்' என்று ஒன்று இருக்கிறது. டீயும் ஹாட், மிளகாயும் ஹாட், வெயிலும் ஹாட். ஒரு பையன் சட்னியைக் காட்டி இங்கிலீஷில் "ஹாட்டா?" என்றான். ஆறிப்போன சட்னிதானே என்று "நோ கலியெந்தே" என்றேன். சூடு இல்லை என்று நான் சொன்னது சரிதான். அவன் கேட்டது காரத்தை. வரமிளகாய்ச் சட்னியை ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு அழுதுவிட்டான். தமிழில் நினைத்திருந்தால் குழப்பமே இல்லை. சூடு என்றால் 'கலியெந்தே', காரம் என்றால் 'பிகாந்தே', வெக்கையாக இருந்தால் 'ஆசே கலோர்'. மூன்றுக்கும் நம்மிடம் மூன்று சொல், அவர்களிடமும் மூன்று. மிளகும் அப்படியே. இங்கிலீஷ் 'பெப்பர்' ஒன்றுதான். நமக்கு மிளகு, மிளகாய், குடைமிளகாய். அவர்களுக்கு மிளகு 'பிமியெந்தா', குடைமிளகாய் 'பிமியெந்தோ', மிளகாய் மெக்சிகோவில் 'சீலே', ஸ்பெயினில் 'கிந்தீயா'.

என் அண்ணன் மகன் மலையேற்றத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவன். ஏறி முடித்து வேர்வை வழிய, எனக்கு வெக்கையாக இருக்கிறது என்பதை இங்கிலீஷிலிருந்து அப்படியே எடுத்து "எஸ்தோய் கலியெந்தே" என்று சொல்லிவிட்டான். அதற்கு உடல் வேட்கை என்ற பொருள். கூட வந்த பெண்கள் சங்கடப்பட்டார்கள், பிள்ளைக்கு ஏன் என்றே தெரியவில்லை. அவன் சொல்லியிருக்கவேண்டியது 'தெங்கோ கலோர்', என்னிடம் வெக்கை இருக்கிறது. குளிர் என்றால் 'தெங்கோ ஃப்ரியோ'. பசி, தாகம், தூக்கம், பயம், வயது, எல்லாவற்றுக்கும் இந்தத் 'தெங்கோ'தான். வழிகாட்டியாக வேலை பார்க்கிற பிள்ளைகள் இந்த ஒன்றையாவது முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ளவேண்டும்.

குழாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாயில் வெந்நீருக்கு 'எச்', பச்சைத் தண்ணீருக்கு 'சி' என்று இங்கிலீஷ் எழுத்து இருக்கும். ஸ்பானிஷில் வெந்நீர் 'கலியெந்தே', அதன் முதல் எழுத்து அதே 'சி'. குளிர்ந்த நீர் 'ஃப்ரியா', அதற்கு 'எஃப்'. ராத்திரி பத்து மணிக்கு வந்து இறங்கிய ஒரு பெரியவர் 'சி' குழாயைத் திறந்துவிட்டு வெந்நீர் வரும் வரும் என்று நின்றிருக்கிறார். இந்த மலைத் தண்ணீர்! விடிந்து கேட்டபோது கீசர் வேலை செய்யவில்லை என்றார். கீசர் நன்றாகத்தான் இருந்தது. இப்போது எல்லாக் குழாயிலும் சிவப்புப் பொட்டும் நீலப் பொட்டும் வைத்திருக்கிறேன். செலவு ஒரு நெயில் பாலிஷ் புட்டி.

'டேக்' என்ற சொல்லும் இந்த வகைதான். பஸ் ஏறுவது, மாத்திரை போடுவது, போட்டோ எடுப்பது, செருப்பைக் கழற்றுவது, நேரம் ஆவது, அத்தனைக்கும் இங்கிலீஷில் அதையே போட்டுவிடலாம். தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை, ஸ்பானிஷிலும் பெரும்பாலும் அப்படித்தான். மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் 'தோமார்', போட்டோவுக்கு 'சகார்', செருப்புக்கு 'கீத்தார்சே', நேரம் ஆவதற்கு 'தர்தார்'. இதில் பஸ்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்கு 'கொஹேர்' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கெட்ட வார்த்தை. எந்த நாட்டுக்காரர் என்று தெரியாதபோது 'தோமார்' என்றே சொல்லிவிடுங்கள், எங்கும் பழுதில்லை.

குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்ல 'கீத்தெசே லோஸ் சபாத்தோஸ்'. சபாத்தோ என்றால் செருப்பு, ஷூ. இதைக் கேட்ட என் அத்தை, "சப்பாத்துன்னுதானே எங்க அய்யா காலத்துல சொல்லுவாக" என்றார். போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து நம் கரையில் இறக்கிய சொற்களில் அதுவும் ஒன்று. போர்ச்சுக்கீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கை. அதனால் நம் வீட்டுக்குள்ளேயே ஸ்பானிஷுக்குச் சொந்தக்காரச் சொற்கள் கிடக்கின்றன. மேசை அவர்களுக்கு 'மேசா'. அலமாரி 'அர்மாரியோ'. துவாலை 'தொவாயா'. பேரிக்காயில் இருக்கிற பேரி 'பேரா'. கொய்யா 'குவாயாபா'. பாதிரியார் 'பாத்ரே'. வாத்து 'பாத்தோ'. ஜன்னல் மட்டும் ஏமாற்றிவிடும், அது போர்ச்சுக்கீசில் நம் ஜன்னலைப் போலவே இருந்தாலும் ஸ்பானிஷில் 'பெந்தானா'. அத்தைக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. யார் வந்தாலும் மேசையைத் தட்டி "மேசா?" என்பார். அதிலேயே அரை மணி நேரப் பேச்சு ஓடிவிடும், இருவருக்கும் பொதுமொழி ஒன்றும் இல்லாமலே.

மூலைக்கும் முக்குக்கும் வித்தியாசம் அவர்களுக்கும் உண்டு. தெருமுக்கு 'எஸ்கீனா', அறைக்குள் இருக்கும் மூலை 'ரின்கோன்'. இங்கிலீஷில் இரண்டும் 'கார்னர்'. மணி, நேரம், தடவை மூன்றும் அவர்களுக்கு 'ஓரா', 'தியெம்போ', 'பேஸ்'. இங்கிலீஷில் மூன்றுக்கும் 'டைம்' போதும்.

'இஸ்' என்ற இங்கிலீஷ் சொல்தான் ஸ்பானிஷ் கற்கும் எல்லோரையும் படுத்துவது. அவர்களிடம் அதற்கு 'எஸ்', 'எஸ்தா' என்று இரண்டு, எதை எங்கே போடுவது என்று புத்தகங்களில் பக்கம் பக்கமாக விதிகள். நான் ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டேன். தமிழில் வினையே இல்லாமல் முடியும் வாக்கியத்துக்கு 'எஸ்': இவர் டாக்டர், இது பூண்டு. 'இருக்கு' என்று முடிந்தால் 'எஸ்தா': டீ சூடா இருக்கு, அவர் கோயில்ல இருக்கார். 'உண்டு' என்று சொல்லும் இடத்தில் 'அய்': வெந்நீர் உண்டா, அறை உண்டா. பத்துக்கு எட்டு இடத்தில் இது சரியாக வந்தது. தவறுகிற இடங்களும் உண்டு. ஒரு பெண் இயல்பாகவே அழகு என்று சொல்ல நாம் 'அழகா இருக்கா' என்போம். அங்கே 'எஸ்' போடவேண்டும். 'எஸ்தா' போட்டால் இன்றைக்கு நன்றாக உடுத்தியிருக்கிறாள் என்ற மாதிரி ஆகிவிடும். திருவிழா எந்த இடத்தில் நடக்கிறது என்று சொல்லவும் 'எஸ்'தான்.

'கேள்' என்பதிலும் தமிழ் கைவிடும். வழி கேட்பதும் தண்ணீர் கேட்பதும் நமக்கு ஒன்று. அவர்களுக்கு விசாரிப்பது 'ப்ரெகுந்தார்', வேண்டிக் கேட்பது 'பெதீர்'. மீனும் அப்படித்தான், தண்ணீரில் நீந்தினால் 'பெஸ்', பிடித்துக் கரையில் போட்டால் 'பெஸ்காதோ'.

மரியாதை விஷயத்தில் எனக்கு ஒரு மனவருத்தமே வந்தது. ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'ஊஸ்தெத்' என்றால் நீங்கள். நான் எல்லோரையும் 'ஊஸ்தெத்' என்றே அழைத்தேன். ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் இளம்பெண், எழுபது வயதான என் அத்தையைப் பார்த்து 'தூ' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், அடுப்பங்கரையில் அத்தை அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையும் அவளை நீ என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். ஸ்பெயினில் இப்போது முன்பின் தெரியாதவர்களைக்கூட 'தூ' என்பது சகஜம், அதில் ஒட்டுதல்தான் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்திலோ பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் 'ஊஸ்தெத்' என்றே பேசிக்கொண்டார்கள். விருந்தினரிடம் நாம் 'ஊஸ்தெத்'தில் தொடங்குவது நல்லது. அவர்களாக 'தூ' சொல்லச் சொன்னால் மாறிக்கொள்ளலாம்.

காய்கறியில் நாட்டுக்கு நாடு பெயர் மாறும். உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பத்தாத்தா', அது பிறந்த ஆண்டிஸ் மலைப் பக்கமெல்லாம் 'பாபா'. இதில் முதல் எழுத்தை அழுத்திச் சொல்லவேண்டும். இரண்டாவதை அழுத்தினால் அப்பா என்றாகிவிடும். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை என்பதால் நமக்கு இதில் காது பழக நாளாகும். சொல்லை எழுதும்போதே அழுத்துகிற எழுத்துக்குக் கீழே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டர் ஃப்ரூட் மெக்சிகோவில் 'அகுவாகாதே', பெருவிலும் சிலியிலும் 'பால்தா'. எங்கள் வேலியில் படர்ந்திருந்த சௌசௌவைப் பார்த்து மெக்சிகோக்கார அம்மா ஒருவர் "சாயோதே!" என்று ஓடிப்போய்க் காயைக் கையில் ஏந்திக்கொண்டார். அது அவர்கள் ஊரில் பிறந்த கொடி. அதே அம்மாவுக்குச் சப்பாத்தியைத் 'தோர்தீயா' என்று சொன்னால் புரியும். ஸ்பெயின்காரரிடம் அப்படிச் சொன்னால் அவர் உருளைக்கிழங்கு போட்ட முட்டை ஆம்லெட்டை எதிர்பார்ப்பார்.

இப்போது காட்டுமாடு. இதை எழுதும்போது இன்னும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

மழை விட்ட ஒரு சாயங்காலம். பூண்டுக் காட்டு வரப்பில் விருந்தினர் ஒருவரோடு நானும் வீட்டுக்காரரும் வந்துகொண்டிருந்தோம். அவர் முன்னால், நாங்கள் பத்தடி பின்னால். வளைவில் மூடுபனிக்குள் ஒரு கரிய உருவம். கால்களில் மட்டும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி. ஒற்றைக் காட்டுமாடு. ஆயிரம் கிலோ வரை வளரும் மிருகம். அவர் வேறு பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தார். என் வாயில் தமிழில் வந்தது 'பாத்து, பாத்து!' தான். அதைத்தான் பழகியிருந்தேனே, தமிழிலிருந்து நேராக. 'மீரா! மீரா!' என்று கத்தினேன்.

'மீரா' என்றால் பார். அவ்வளவுதான். ஏதோ நல்ல காட்சியைக் காட்டுகிறேன் என்று நினைத்தார். காட்டுமாட்டைப் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டு இரண்டடி முன்னால் போனார். அது தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டது இங்கே வரைக்கும் கேட்டது. வீட்டுக்காரர் ஒரே தாவில் போய் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மூன்று பேரும் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தோம். அது கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

அன்றிரவு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எச்சரிக்கை என்றால் 'குய்தாதோ'. பின்னால் வா என்றால் 'அத்ராஸ்'. ஓடாதீர்கள் என்றால் 'நோ கொர்ரா'. வீட்டுப் பேச்சில் 'ஓஹோ!' என்றும் எச்சரிப்பார்கள், அதற்குக் கண் என்று பொருள். நாம் 'பார்த்து' என்கிறோம், அவர்கள் 'கண்' என்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் வந்தும் நான் அன்று சொன்ன சொல் ஒரு மனிதரை மிருகத்தின் முன்னால் தள்ளப் பார்த்தது. தமிழ் வழியாகப் போவது நல்ல வழி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆபத்துக்கான சொற்களுக்கு மட்டும் அந்த வழி கூடாது. அவற்றை அந்த மொழிக்காரர் வாயிலிருந்தே கேட்டு, பழகி, தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளவேண்டும். இப்போது யார் வந்தாலும் டீ கொடுப்பதற்கு முன்பே 'குய்தாதோ', 'அத்ராஸ்' இரண்டையும் கையைக் காட்டிச் சொல்லிப் பழக்கிவிடுகிறோம். அவர்களுக்கும் தமிழில் 'நில்லு', 'பின்னால வா' சொல்லிக்கொடுக்கிறோம்.

உருவத்தில் ஒத்திருக்கும் சொற்கள் இன்னொரு அபாயம். பேஷன் ஃப்ரூட் ஜாம் போட்டு விற்கும்போது, கெடாமல் இருக்க மருந்து எதுவும் சேர்க்கவில்லை என்று ஸ்பானிஷிலும் அச்சடித்து ஒட்டினேன். இங்கிலீஷில் 'பிரிசர்வேட்டிவ்' என்பதால் 'பிரெசெர்பாதீபோ' இல்லை என்று போட்டேன். அதற்கு அர்த்தம் ஆணுறை. ஒரு விருந்தினர் என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அறுபது புட்டிகளையும் வெந்நீரில் ஊறப்போட்டு, லேபிள்களைச் சுரண்டி எடுத்து முடிக்கும்போது விடியப்போனது. சரியான சொல் 'கொன்செர்பாந்தேஸ்'. அதுபோல 'எம்பராசாதா' என்றால் வெட்கப்பட்டவள் இல்லை, கர்ப்பிணி. 'எக்ஸிதோ' என்றால் வெற்றி. வெளியே போகும் வழிக்குச் 'சலீதா'. 'சோப்பா' குடிக்கிற சூப். குளிக்கிற சோப்புக்கு 'ஹபோன்'. இந்தத் தவறு எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும். ஸ்பெயினிலிருந்து வந்த ஒருவர் தனக்கு மலச்சிக்கல் என்று இங்கிலீஷில் சொன்னார். வாழைப்பழமும் வெந்நீரும் கொடுத்தேன். தும்மிக்கொண்டே சாப்பிட்டார். ஸ்பெயினில் ஜலதோஷத்துக்குக் 'கொன்ஸ்திபாதோ' என்பார்கள், அதையே இங்கிலீஷாக்கிச் சொல்லியிருக்கிறார். அடுத்த வேளை தூதுவளை ரசம் வைத்தேன்.

செயலியைப் பயன்படுத்தவேண்டாம் என்று சொல்லமாட்டேன். தனிச்சொல்லைத் தட்டாதீர்கள், முழு வாக்கியமாகக் கொடுங்கள். 'ஒரு பல் பூண்டு நசுக்கிப் போடவும்' என்று கொடுத்திருந்தால் அன்று கிராம்பு வந்திருக்காது. வந்த விடையை மறுபடி அங்கிருந்து தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள். அச்சடிக்கிற எதையும் அந்த மொழிக்காரர் ஒருவர் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். உச்சரிப்பில் நமக்கு வசதி அதிகம். அவர்கள் 'த' நம்முடைய பல்லில் படும் 'த'தான், 'ப'வும் 'க'வும் மூச்சுக் காற்று இல்லாத நம் ஒலிகளே. இங்கிலீஷ் 'என்' எழுத்தின் தலையில் அலை போட்ட மாதிரி அவர்களிடம் ஓர் எழுத்து உண்டு, அது நம் 'ஞ'. பத்திரிகைகள் 'எல் நினோ' என்று எழுதுவது உண்மையில் 'எல் நீஞோ', சின்னப் பையன் என்று பொருள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடேறுவதைப் பார்த்து, பெரு நாட்டு மீனவர்கள் குழந்தை ஏசுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். எங்கள் வேலப்பரைக் குழந்தைக் கடவுள், 'தியோஸ் நீஞோ' என்று சொன்னபோது எல்லோருக்கும் சட்டென்று விளங்கியது அதனால்தான்.

பொருள்களுக்கு ஆண், பெண் பிரிப்பதற்கு மட்டும் தமிழில் ஒரு துணையும் இல்லை. மேசை பெண், பூண்டு ஆண். காரணம் தேடாமல், முன்னால் வரும் 'லா', 'எல்' சேர்த்தே மனப்பாடம் செய்கிறேன்.

போன வருஷம் கிளம்பிய ஒரு தம்பதி குறிஞ்சிப் பூவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 12 வருஷத்துக்கு ஒரு முறை, 2018-ல் பூத்தது, அடுத்து 2030 என்றேன். போகும்போது வருகைப் புத்தகத்தில் அந்த அம்மா ஒரு வரி எழுதினார்: 'குவாந்தோ ஃப்ளோரெஸ்கா, போல்வெரேமோஸ்'. பூக்கும்போது திரும்பி வருவோம். நான் பழகியிருந்தது 'ஃப்ளோரெசே' என்ற வடிவம். ஏன் மாற்றி எழுதினீர்கள் என்று கேட்டேன். 'ஃப்ளோரெசே' என்றால் ஒவ்வொரு முறையும் பூக்கிறபோது, வழக்கமாக. இன்னும் பூக்காத பூவுக்கு, வரப்போகிற நாளுக்கு 'ஃப்ளோரெஸ்கா' என்றார். வாசலில் நின்ற அத்தை, "போயிட்டு வாங்க தாயி" என்றார். அவர்கள் ஜீப்பில் ஏறிய பிறகு நோட்டை எடுத்து, சிவப்பு மையில் 'பூக்கும்போது' என்று எழுதி, எதிரே அந்தச் சொல்லை எழுதினேன். பக்கத்தில் 2030 என்று போட்டு, இரண்டு அறையில் கிழக்குப் பார்த்த அறையை அவர்களுக்கென்று குறித்து வைத்தேன்.